நாம் நிரப்பும் டீசலுக்குப் பின்னால் ஒரு மனிதர்

குளுவாங், செகாமட், கோத்தா திங்கி வட்டாரங்களில் செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லோரியும் தோட்டத்து டிராக்டரும் டீசலில்தான் ஓடுகின்றன. டீசல் என்பது ஓர் எண்ணெயின் பெயர் என்றே பலர் நினைக்கின்றனர். உண்மையில் அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். 1913-ஆம் ஆண்டு கடலில் மறைந்துபோன ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர்தான் அவர்.

தாம் உருவாக்கிய என்ஜினுக்கு எந்த எண்ணெய் பொருந்தும், அதன் சூட்டை எப்படித் தணிப்பது என்ற கேள்விகளோடு அவர் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்தார். அன்று அவர் தேடிய விடைகளில் ஒன்று இன்று ஜொகூர் செம்பனைத் தோட்டங்களிலிருந்து வருகிறது.

அகதியான சிறுவன்

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18-ஆம் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியா பகுதியைச் சேர்ந்தவர்கள். தந்தை தோல் பொருள்கள் செய்யும் கைவினைஞர். 1870-இல் பிரான்சுக்கும் பிரஷியாவுக்கும் போர் மூண்டபோது பாரிஸில் இருந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டனர். டீசல் குடும்பம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு லண்டனுக்குப் போனது. அங்கும் வறுமைதான். 12 வயது ருடால்ஃபை மட்டும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்குப் படிக்க அனுப்பி வைத்தனர்.

படிப்பே தம்மைக் கரையேற்றும் என்பதை அந்தச் சிறுவன் அந்த வயதிலேயே புரிந்துகொண்டான். பொறியாளராக வேண்டும் என்று 14 வயதில் பெற்றோருக்குக் கடிதம் எழுதினான். ஆக்ஸ்பர்க்கில் படித்த காலத்தில், காற்றை வேகமாக அழுத்தித் தீ உண்டாக்கும் ஒரு சிறு கண்ணாடிக் குழாயை அவர் பார்த்ததாகக் கூறுவர். அதே தத்துவத்தில் இயங்கும் தீமூட்டியை மலாய் மக்கள் நெடுங்காலமாகவே பயன்படுத்தி வந்தனர். கோபெக் ஆப்பி என்பது அதன் பெயர். பின்னாளில் டீசல் என்ஜின் இயங்கியதும் இதே தத்துவத்தில்தான். காற்றை மிகக் கடுமையாக அழுத்தினால் அது கொதிக்கும் சூட்டை அடைகிறது. அதில் எண்ணெயைத் தெளித்தால், தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்கிறது.

ஐஸ் ஆலையிலிருந்து அனல் என்ஜினுக்கு

மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் கார்ல் ஃபான் லிண்டே. குளிர்பதன இயந்திரங்களை உருவாக்கிப் புகழ்பெற்றவர் அவர். நீராவி என்ஜினில் எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட வேலையாக மாறுவதில்லை என்பதை லிண்டேயின் வகுப்பில்தான் டீசல் கற்றார். இந்த விரயத்தைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று மனத்தில் விழுந்தது.

1880-இல் பட்டம் பெற்றவர் லிண்டேயின் நிறுவனத்திலேயே வேலைக்குச் சேர்ந்து பாரிஸில் ஐஸ் ஆலையைக் கவனித்தார். அனல் கக்கும் என்ஜினைப் படைத்தவர் முதலில் ஐஸ் செய்தவர் என்பது அவர் வாழ்வின் விந்தைகளில் ஒன்று. குளிர்பதனத்துக்குப் பயன்படும் அம்மோனியாவைக் கொண்டே ஓர் என்ஜினை ஓட்டப் பல ஆண்டுகள் முயன்றார். அது கைகூடவில்லை. பிறகு, காற்றையே அழுத்தி அதற்குள் எரிபொருளை எரிக்கும் திட்டத்துக்கு வந்தார். 1893-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஆக்ஸ்பர்க் இயந்திர ஆலையும் குருப் நிறுவனமும் ஆதரவு தந்தன.

முதல் சோதனை 1893 ஆகஸ்டு 10-ஆம் தேதி நடந்தது. பெட்ரோல் செலுத்தப்பட்டதும் உள்ளே அழுத்தம் எகிறி, அளவுமானி வெடித்துச் சிதறியது. டீசல் மயிரிழையில் தப்பினார். ஆனால் அழுத்தத்தால் எரிபொருள் பற்றும் என்பது அன்று நிரூபணமானது. 1894 பிப்ரவரி 17-ஆம் தேதி அந்த என்ஜின் சொந்த பலத்தில் ஒரு நிமிடம் ஓடியது.

அந்த முதல் என்ஜினைச் சுற்றித் தண்ணீர் உறை இல்லை. வெப்பத்தை வெளியே விடாமல் முழுவதையும் வேலையாக மாற்ற வேண்டும் என்ற கணக்கில், குளிர்விப்பே தேவையில்லை என்று அவர் எண்ணியிருந்தார். இரும்பு அந்தக் கணக்கை ஏற்கவில்லை. பின்னர் வந்த என்ஜினில் தண்ணீர் உறை சேர்க்கப்பட்டது. பெட்ரோலை விட்டுவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாறினார். 1897 பிப்ரவரியில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் நடத்திய சோதனையில் அந்த என்ஜின் எரிபொருளின் வெப்பத்தில் 26.2 விழுக்காட்டை வேலையாக மாற்றியது. அன்று வேறு எந்த என்ஜினும் அந்த அளவை எட்டவில்லை.

எந்த எண்ணெய் பொருந்தும்?

நிலக்கரித் தூளையே எரிபொருளாக்க வேண்டும் என்பது டீசலின் தொடக்கக் கால ஆசை. மலிவானது, எங்கும் கிடைப்பது என்று நினைத்தார். ஆனால் தூள் எரிந்து மிஞ்சும் சாம்பல் மசகு எண்ணெயில் கலந்து பிஸ்டனையும் சிலிண்டரையும் உரசித் தேய்த்துவிடும். அந்த வழியைக் கைவிட வேண்டியதாயிற்று. எரிபொருள் மலிவாக இருந்தால் மட்டும் போதாது, என்ஜினுக்கும் அதன் எண்ணெய்க்கும் ஒத்துப்போக வேண்டும் என்பதை அவரே பட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் என்ஜின் வேர்க்கடலை எண்ணெயில் ஓடியது. அதற்காக அதில் எந்த மாற்றமும் செய்யவில்லை. ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் விளையும் கடலையைக் கொண்டு அங்கேயே என்ஜின்களை ஓட்ட முடியுமா என்று பிரெஞ்சு அரசு அறிய விரும்பியது. டீசலும் இதில் ஆர்வம் கொண்டு சோதனைகள் செய்தார். தாவர எண்ணெய்க்கு இன்று மதிப்பில்லாமல் இருக்கலாம், ஆனால் ஒரு நாள் அது பெட்ரோலியம் போல முக்கியத்துவம் பெறும் என்று 1912-இல் அவர் எடுத்துரைத்தார்.

அதே ஆண்டில் செலாண்டியா என்ற டேனிஷ் கப்பல் டீசல் என்ஜின் பலத்தில் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை பயணம் செய்தது. நீராவிக் கப்பல்களின் காலம் முடியப் போகிறது என்பதற்கு அது அடையாளமாக இருந்தது.

தொழிலாளிக்கு ஒரு பங்கு

டீசல் என்ஜினோடு நின்றுவிடவில்லை. பெரிய முதலாளிகளால் மட்டுமே வாங்க முடிந்த நீராவி என்ஜினுக்குப் பதிலாக, சிறு பட்டறைக்காரர்களுக்கும் சொந்த பலம் தரும் இயந்திரம் வேண்டும் என்பதும் அவரது நோக்கம். 1903-இல் ஒரு நூல் எழுதினார். தொழிலாளர்கள் நாள்தோறும் சில காசுகளைப் பொது நிதியில் சேர்த்து, தாங்களே தொழிற்கூடங்களுக்கு உரிமையாளர்களாக வேண்டும் என்பது அதன் சாரம். சில நூறு பிரதிகளே விற்றன.

அந்த நூலுக்கும் மலேசியாவுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் இந்நாட்டுத் தமிழர்களுக்கு அந்த எண்ணம் அந்நியமானதல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வேலையும் வீடும் பறிபோன காலத்தில், 1960-இல் துன் வீ.தி.சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் சீவியவர்கள் தோட்டத்தின் பங்குதாரர்கள் ஆனார்கள். டீசலின் காகிதத் திட்டம் எட்டாத இடத்தை இங்குள்ள பாட்டாளிகள் தங்கள் உழைப்பால் எட்டினர்.

கடலில் முடிந்த பயணம்

புகழ் வளர்ந்த அளவுக்கு டீசலிடம் நிம்மதி வளரவில்லை. தொடக்கத்தில் விற்ற என்ஜின்கள் பழுதாகித் திரும்பி வந்தன. காப்புரிமை வழக்குகள் அலைக்கழித்தன. உடல்நலம் குன்றி மருத்துவமனையில் தங்க நேர்ந்தது. வந்த பெரும் பணத்தைத் தவறான முதலீடுகளில் இழந்து கடனாளி ஆனார்.

1913 செப்டம்பர் 29-ஆம் தேதி மாலை, இங்கிலாந்தில் ஒரு புதிய டீசல் என்ஜின் ஆலை தொடர்பான நிகழ்ச்சிக்காக, ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். இரவு உணவுக்குப் பின் அறைக்குச் சென்றவர் காலையில் அங்கே இல்லை. படுக்கை கலையவே இல்லை. ஏறத்தாழ பத்து நாள்களுக்குப் பிறகு ஒரு டச்சுப் படகினர் கடலில் ஓர் உடலைக் கண்டு, சட்டைப்பையில் இருந்த பொருள்களை மட்டும் எடுத்து வந்தனர். அவை தந்தையுடையவைதாம் என்று மகன் அடையாளம் காட்டினார். அப்போது டீசலுக்கு வயது 55. தற்கொலையா, விபத்தா, சதியா என்ற கேள்விக்கு இன்றுவரை உறுதியான விடை இல்லை.

ஜொகூர் வரை வந்த கனவு

அவர் சொன்ன தாவர எண்ணெயின் கதை அதோடு முடியவில்லை. பச்சைத் தாவர எண்ணெய் டீசலைவிடப் பல மடங்கு கெட்டியானது. நாளடைவில் தெளிப்பானில் கரி படிந்துவிடும். 1937-இல் பெல்ஜியத்தில் செம்பனை எண்ணெயைச் சாராயத்தோடு வினைபுரியச் செய்து இளக்கி எரிபொருளாக்கும் முறைக்குக் காப்புரிமை பெறப்பட்டது. மறு ஆண்டு பிரஸ்ஸல்ஸில் அந்த எரிபொருளில் ஒரு பேருந்து ஓடியது. மலேசியாவின் செம்பனை எண்ணெய் ஆய்வுக் கழகம் 1980-களில் இத்துறையில் இறங்கியது. 2019 பிப்ரவரியில் நாட்டின் வாகன டீசலில் 10 விழுக்காடு செம்பனை பயோடீசல் கலக்கும் திட்டம் கட்டாயமானது. பி10 என்பது அதன் பெயர். பாசீர் கூடாங்கில் பயோடீசல் ஆலைகள் இயங்குகின்றன.

டீசல் பட்டுக் கற்ற பாடம் இன்றைய லோரிக்காரருக்கும் பொருந்தும். செம்பனை பயோடீசல் குளிரில் உறையும் தன்மை கொண்டது. அதனால்தான் பி10 வந்தபோது கேமரன் மலை போன்ற குளிர்ப் பகுதிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அது ஈரத்தை ஈர்க்கும்; பழைய டாங்கியில் படிந்த அழுக்கையும் கரைக்கும். எனவே வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றி, அதில் தேங்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். ரேடியேட்டரில் வெறும் கிணற்று நீரோ குழாய் நீரோ ஊற்றினால் உள்ளே உப்புப் படியும், துரு ஏறும். கூலண்ட் குளிர்விப்பதோடு, அதிர்வால் எழும் குமிழிகள் சிலிண்டர் சுவரை அரிக்காமலும் காக்கிறது. புகைவடிகட்டி உள்ள புதிய என்ஜினுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெய்தான் ஏற்றது. கையேட்டில் குறிப்பிட்ட தரத்தை விட்டு, மலிவு பார்த்து வாங்கினால் மிச்சப்படுத்திய பணத்தைப் போலப் பல மடங்கு பட்டறையில் போய்விடும்.

குலை வெட்டுபவர் காலையில் மரத்திலிருந்து இறக்கும் பழத்தின் எண்ணெயில் ஒரு பங்கு, அந்தக் குலையை ஏற்றிச் செல்லும் லோரியின் டாங்கிக்கே திரும்பி வருகிறது. விளைகிற மண்ணிலேயே என்ஜினுக்கான எண்ணெயும் கிடைக்க வேண்டும் என்று எண்ணிய மனிதர் அதைப் பார்க்காமலே போய்விட்டார். பெட்ரோல் நிலையத்தில் நாள்தோறும் உச்சரிக்கப்படும் அவரது பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது.