நூலகத் தந்தை அரங்கநாதன்

நான் சாத்தாங்காட்டைச் சேர்ந்தவன். திருவொற்றியூரை அடுத்த எங்கள் ஊரில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த இரும்பு எஃகுச் சந்தை உண்டு. கம்பி, தகடு, ஆங்கிள், சேனல் என்று கண்ணுக்கெட்டிய தூரம் இரும்புதான். சென்ற கோடை விடுமுறையில் அங்கே ஒரு கிடங்கில் கணக்கெழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. வந்த சரக்கை வந்த வரிசையிலேயே பேரேட்டில் எழுதி வந்தேன். ஒருநாள் ஒரு கட்டு ஆங்கிளை ஏற்றிச் செல்ல லாரி வந்து நின்றது. பேரேட்டில் கட்டு இருந்தது; ஆனால் அது கிடங்கில் எந்த மூலையில் கிடக்கிறது என்பதை நான் எழுதவில்லை. பொழுது சாயும்வரை தேடியும் அகப்படவில்லை. லாரி வெறுமனே திரும்பியது. ஏற்றுகூலியை நம்பிக் காத்திருந்த அண்ணன்மார் இருவர் வெறுங்கையோடு வீடு சென்றனர். பிழை என்னுடையது; இழப்போ அவர்களுடையது.

கல்லூரி திறந்த பின்னும் அது என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் நம் நூலகத்தில் சீ. இரா. அரங்கநாதனின் வரலாற்றைப் படித்தேன். என் பிழைக்கு விடை அங்கே இருந்தது. அதனை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அரங்கநாதன் 1892ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பேச்சில் திக்கலும் இருந்தது. எனினும் மனந்தளராது சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். மங்களூரிலும் கோவையிலும், பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணித ஆசிரியராகப் பணியாற்றினார்.

1924ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்த்தப்பட்டார். மாணவர் சூழ வகுப்பறையில் வாழ்ந்தவருக்கு ஆளரவமற்ற அந்நூலகம் சிறையாகத் தோன்றியது. சில நாட்களிலேயே பழைய வேலைக்குத் திரும்ப விரும்பினார். இலண்டன் சென்று நூலகக் கல்வி பயின்று வந்த பின் முடிவு செய்யலாம் என்று பெரியோர் அறிவுறுத்தினர். அந்தப் பயணமே அவர் வாழ்வின் திருப்புமுனையாயிற்று.

அக்காலத்தில் பெரிதும் வழங்கியது அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பு. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் பெரும்பாலும் முன்னரே வகுத்து வைத்த எண் உண்டு. நாள்தோறும் பிறக்கும் புதிய அறிவுக்கு எல்லாம் முன்கூட்டியே எண் வைப்பது எங்ஙனம் இயலும்? இவ்வினாவோடு திரிந்த அரங்கநாதன், இலண்டன் கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். அதே பட்டைகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டினால் வண்டியும் ஆகும், பாலமும் ஆகும். எண்ணையும் இவ்வாறே உறுப்புகளாக்கிப் பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. அக்கருத்து முதிர்ந்து 1933இல் கோலன் பகுப்பு முறை என்னும் நூலாக வெளிவந்தது. உறுப்புகளை இணைக்க முக்காற்புள்ளியைப் பயன்படுத்தியதால் அப்பெயர்.

எடுத்துக்காட்டாக, இந்தியாவில் 1950களில் நுரையீரல் காசநோய்க்கு அளித்த சிகிச்சை பற்றிய நூல் ஒன்று வருகிறது எனக் கொள்வோம். உறுப்பு, நோய், சிகிச்சை, நாடு, காலம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. அவற்றைக் கோத்தால் நூலின் எண் கிடைக்கும். அந்த எண்ணே நூல் எதைப் பற்றியது என்றும், எந்த அலமாரியில் நிற்கிறது என்றும் சொல்லிவிடும். உறவுள்ள நூல்கள் அருகருகே நிற்கும்.

இத்தகைய அமைப்பின் அருமை இன்று இன்னும் விளங்குகிறது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2013இல் ஏவிய கையா விண்கலம் திரட்டிய தகவல்களிலிருந்து 2022இல் வெளியான பட்டியலில் ஏறத்தாழ 180 கோடி விண்பொருள்கள் உள்ளன. ஒவ்வொன்றின் இடமும் ஒளியும் தனித்தனிப் பத்திகளில் வைக்கப்பட்டுள்ளன. வானத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் உள்ளது என்பதை அதன் அடையாள எண்ணிலேயே பொதிந்திருக்கிறார்கள். எனவே வானின் ஒரு மூலையை ஆராய்பவர் 180 கோடியையும் புரட்ட வேண்டியதில்லை. அது வேறு துறையில், வேறு வழியில் உருவான அமைப்பு. ஆயினும் நோக்கம் ஒன்றே. தேடுபவன் கைக்கு எட்டாத தகவல், இல்லாத தகவலுக்குச் சமம்.

அரங்கநாதன் பகுப்போடு நிற்கவில்லை. நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுவதற்கே என்பதை 1931இல் வெளியிட்ட நூலக விதிகளில் முதலாவதாக வைத்தார். வாசகரின் நேரத்தைக் காப்பதும் அவ்விதிகளுள் ஒன்று. 1948இல் சென்னை மாகாணத்தில் பொதுநூலகச் சட்டம் நிறைவேற அவர் உழைப்பும் காரணம். 1962இல் பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சார்பில் ஆவண ஆய்வுப் பயிற்சி மையத்தை நிறுவினார். சேமித்த பொருளில் ஒரு இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே அளித்து, தம் துணைவியார் சாரதாவின் பெயரையும் இணைத்துப் பேராசிரியர் இருக்கை அமையச் செய்தார். 1972ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் மறைந்தார்.

இப்போதும் மாலை வேளைகளில் அதே கிடங்கில்தான் கணக்கெழுதுகிறேன். பேரேட்டில் வகை, கனம், நீளம், கிடக்கும் இடம், வந்த நாள் என ஐந்து பத்திகள் போட்டிருக்கிறேன். அந்த அண்ணன்மார் இருவரும் அன்றைய கூலியைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டதில்லை. லாரி வந்து நின்றதும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் இடத்தைச் சொல்கிறேன். அவர்கள் நேரே அங்கு நடக்கிறார்கள். நூலகத் தந்தைக்கு நான் செலுத்தும் நன்றி அதுவே. வாழ்க அவர் புகழ்!