எழுதக் கூடாது என்றார் டாக்டர். எழுதியே மீண்டார் தாய்!

பிள்ளை பிறந்த வீட்டில் மகிழ்ச்சிதான் பொங்கும் என்று உலகம் எண்ணுகிறது. ஆனால், பெற்ற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, காரணம் தெரியாமல் கண்ணீர் வடிக்கும் தாய்மார்களும் உண்டு. அது பிடிவாதம் அல்ல, நோய் என்பதைத் தம் வாழ்க்கையையே சாட்சியாக வைத்துக் காட்டியவர், அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் அம்மையார்.

தூங்குவது போல நடிப்பு

சார்லட், 1860-ம் ஆண்டு ஜூலை 3-ந் தேதி கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஹார்ட்போர்டு நகரில் பிறந்தார். அடிமை முறையைச் சாடி, டாம் மாமாவின் குடிசை என்ற நாவலை எழுதிய ஹேரியட் பீச்சர் ஸ்டவ், இவருடைய தந்தைக்குச் சித்தி.

பெருமைக்குரிய குடும்பம்தான். ஆனால், தந்தை சீக்கிரமே மனைவி மக்களை விட்டுப் பிரிந்துவிட்டார். தாய் இரண்டு குழந்தைகளுடன் தத்தளித்தார். 18 ஆண்டுகளில் 19 முறை வீடு மாறினார்கள். சார்லட் பள்ளிக்குப் போனது மொத்தம் நான்கு ஆண்டுகளே.

அன்புக்கு ஏங்கித் தாம் பட்ட துயரம் மகளுக்கு வேண்டாம் என்று தாய் எண்ணினார். அதனால் மகள் விழித்திருக்கும்போது அணைத்துக் கொஞ்சுவதே இல்லை. தூங்கிய பிறகுதான் கட்டித் தழுவுவார். இதைத் தெரிந்துகொண்ட சிறுமி, அந்த அணைப்புக்காகவே தூங்குவது போல நடிப்பாள்!

காரணம் தெரியாத கண்ணீர்

1884-ல் சார்லஸ் வால்டர் ஸ்டெட்சன் என்ற ஓவியரை சார்லட் மணந்தார். மறு ஆண்டு மார்ச் மாதம் காதரின் என்ற பெண் குழந்தை பிறந்தது. கணவர் அன்பானவர். வீட்டு வேலைக்கு ஆள் உண்டு. குழந்தையோ தங்க விக்கிரகம். இருந்தும், பாலூட்டும்போதே தாயின் கண்களில் நீர் வழிந்தது. எழுந்து நடமாடவும் மனம் இல்லை.

இடம் மாறினால் தேவலை என்று கலிபோர்னியாவில் உள்ள தோழியின் வீட்டுக்குப் போனார். அங்கே முகம் மலர்ந்தது, உடம்பு தேறியது. வீடு திரும்பியதும் பழைய நோய் வந்து ஒட்டிக்கொண்டது.

பெரிய டாக்டரின் உத்தரவு

1887-ல் பிலடெல்பியா நகருக்குப் போய் டாக்டர் சைலஸ் வீர் மிச்செலிடம் சிகிச்சைக்குச் சேர்ந்தார். மிச்செல் சாமானியர் அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்பில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு வைத்தியம் செய்தவர். வெட்டி எடுக்கப்பட்ட கை, கால் இன்னும் வலிக்கிறது என்று அவர்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு ஆராய்ந்தவர். அந்த விந்தை வலிக்கு மருத்துவ உலகில் வழங்கும் ஆங்கிலப் பெயரைச் சூட்டியவரும் அவரே.

நரம்புத் தளர்ச்சி என்று வரும் பெண்களுக்கு அவர் கொடுத்தது பூரண ஓய்வுச் சிகிச்சை. படுத்த படுக்கை, வயிறு நிறையப் பாலும் உணவும், உடம்பு பிடித்து விடுதல், மின்சார வைத்தியம். உறவினர் முகத்தைப் பார்க்கக் கூடாது. படிக்கக் கூடாது. எழுதக் கூடாது.

தம் நோய் வந்த விதத்தை சார்லட் விரிவாக எழுதி முன்கூட்டியே அனுப்பியிருந்தார். டாக்டர் அதைத் தற்பெருமைக்கு அடையாளம் என்று ஒதுக்கினார். இது வெறும் ஹிஸ்டீரியா என்று முடிவு கட்டினார். சுமார் ஒரு மாதத்துக்குப் பின் வீட்டுக்கு அனுப்பினார். குழந்தையை எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். புத்தி உழைப்பு நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. ஆயுள் உள்ளவரை பேனா, தூரிகை, பென்சில் எதையும் தொடக் கூடாது. இதுவே உத்தரவு. இப்படிச் சொன்ன டாக்டர், தாமே கதைகளும் நாவல்களும் எழுதியவர்!

சார்லட் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார். சில மாதங்களில் சித்தம் கலங்கும் நிலை வந்துவிட்டது. துணிப் பொம்மை செய்து கதவுக் கைப்பிடியில் தொங்கவிட்டு விளையாடினார். கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போய் ஒளிந்துகொண்டார்.

பேனாவே மருந்து

இனிப் பொறுத்தால் அழிவுதான் என்று உணர்ந்தார். 1888-ல் கணவரைப் பிரிந்து, மகளுடன் கலிபோர்னியாவுக்குப் போனார். பேனாவைக் கையில் எடுத்தார். 1890-ல் அவர் எழுதிய சிறுகதைதான் மஞ்சள் சுவர்க் காகிதம். பிரசவத்துக்குப் பின் நோயுற்ற மனைவியை, டாக்டரான கணவன் ஓய்வு என்ற பெயரில் மாடி அறையில் அடைத்து வைக்கிறான். அவளோ சுவரில் ஒட்டிய காகிதத்துக்குள் ஒரு பெண் சிறைப்பட்டிருப்பதாகக் காண்கிறாள். முடிவில் புத்தி பேதலித்துப் போகிறாள்.

படிப்பவர் மனம் வேதனைப்படும் என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் கதையைத் திருப்பி அனுப்பினார். 1892 ஜனவரியில் வேறொரு பத்திரிகையில் அது வெளிவந்தது. இப்படியெல்லாம் எழுதலாமா என்று பாஸ்டன் டாக்டர் ஒருவர் சீறினார். நோயை உள்ளபடி தீட்டிய கதை என்று வேறொரு டாக்டர் பாராட்டினார். மிச்செலுக்கும் சார்லட் ஒரு பிரதி அனுப்பினார். பதில் வரவில்லை. அவர் சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டதாகப் பின்னாளில் காதில் விழுந்த செய்தியை சார்லட் 1913-ல் எழுதினார். ஆராய்ச்சியாளர்களுக்கு அதற்குச் சான்று கிடைக்கவில்லை.

ஏச்சும் புகழும்

1894-ல் விவாகரத்து ஆயிற்று. ஒன்பது வயது மகளைத் தந்தையிடம் வளர அனுப்பினார். பெற்ற மகளைத் துறந்தவள் என்று பத்திரிகைகள் ஏசின. அவர் தளரவில்லை. பெண்ணுக்குச் சொந்த வருமானம் வேண்டும் என்று வாதாடும் பெண்களும் பொருளாதாரமும் என்ற நூலை 1898-ல் வெளியிட்டுப் பெரும் புகழ் பெற்றார். 1900-ல் ஹௌட்டன் கில்மனை மணந்தார். 1909 முதல் 1916 வரை ஒரு மாதப் பத்திரிகை முழுவதையும் தாம் ஒருவராகவே எழுதி நடத்தினார்.

மாசற்றவர் என்று அவரைச் சொல்ல முடியாது. வெள்ளையரே உயர்ந்தவர் என்ற எண்ணம் அவர் எழுத்தில் கறையாகப் படிந்திருக்கிறது. மனச்சோர்வும் அவரை முற்றிலும் விடவில்லை, அவ்வப்போது தலைகாட்டியது. 1932-ல் மார்பகப் புற்றுநோய் கண்டது. 1934-ல் கணவர் இறந்தார். 1935 ஆகஸ்டு 17-ந் தேதி பாசடீனா நகரில், நோய் முற்றிய நிலையில், தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்.

இன்றைய நிலை

மறந்துபோன அவருடைய சிறுகதை 1973-ல் மீண்டும் நூலாக வந்து உலகெங்கும் பரவியது. 1987-ல் பிரிட்டனில், பிள்ளை பெற்ற தாயின் மனச்சோர்வை அறிய 10 கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் உருவாயிற்று. இன்று பல நாடுகளில் அது பயன்படுகிறது. உலகில் பிள்ளை பெற்ற தாய்மாரில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநோய் வருவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வளரும் நாடுகளில் இது சுமார் 20 சதவீதம்.

டாக்டர் பட்டம் பெற்ற பிறகும், தாய்மாரின் மனநலத்துக்கென்றே தனிப் பயிற்சி பெறுகிறவர்கள் இன்று இருக்கிறார்கள். சார்லட் எழுதி அனுப்பிய வரலாற்றைப் பெரிய டாக்டர் ஒருவர் அன்று ஒதுக்கித் தள்ளினார். அந்தத் தாய் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதுதான் இவர்கள் கற்கும் வைத்தியத்துக்கு ஆரம்பம்.