கால் இழந்த நீர்ப்பந்து வீரர்

குளத்தின் தரையைக் காலால் தொடக் கூடாது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறக் கூடாது. கோல் காவலரைத் தவிர மற்றவர்கள் ஒரு கையால்தான் பந்தைப் பிடிக்க வேண்டும். கட்சிக்கு 7 பேர் ஆடும் வாட்டர் போலோ எனப்படும் நீர்ப்பந்து ஆட்டத்தின் சட்டம் இது.

பந்தை வீசுவது கைதான். ஆனால் ஆளை மிதக்கவைத்து, வீசும் நேரத்தில் மார்புக்கு மேல் நீரை விட்டு எழுப்பிக் கொடுப்பவை கால்கள். கால் ஓய்ந்தால் ஆள் முழுகவேண்டியதுதான்!

அப்படிப்பட்ட ஆட்டத்தில், ஒரு கால் இல்லாத மனிதர் 3 ஒலிம்பிக் பந்தயங்களில் பதக்கம் வாங்கினார். அவர் ஹங்கேரி நாட்டு ஒலிவர் ஹலாஷி.

டிராம் விபத்து

தலைநகர் புடாபெஸ்டை ஒட்டி வடக்கே இருந்த ஊய்பெஷ்ட் நகரில், 1909 ஜூலை 31-ந் தேதி ஹலாஷி பிறந்தார். சிறுவனாக இருந்தபோது டிராம் வண்டியில் சிக்கினார். இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஓடியாடுகிற வயது. தரையில் இனி மற்றப் பையன்களோடு ஓட முடியாது. பையன் தண்ணீரில் இறங்கினான்.

1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக் கோஷ்டியில் ஆடியபோது அவருக்கு வயது 19. இறுதி ஆட்டத்தில் ஜெர்மனி 5-2 என்று வென்றது. ஹங்கேரிக்கு வெள்ளி. நான்கு ஆண்டு கழித்து லாஸ் ஏஞ்சல்ஸில் அதே ஜெர்மனியை 6-2 என்று தோற்கடித்துத் தங்கம் வாங்கினார்கள்.

இதற்கிடையே 1931-ல் பாரிஸில் ஐரோப்பியப் போட்டி. நீர்ப்பந்தில் ஹங்கேரி வென்றது. அதோடு விட்டாரா ஹலாஷி? 1,500 மீட்டர் நீச்சலிலும் குதித்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் மற்றவர்கள் இரண்டு கால்களாலும் சுவரை உதைத்துப் பாய்வார்கள். இவருக்கு உதைக்க ஒரு பாதம்தான். ஆயினும் முதலாவதாக வந்தவர் இவரே!

வேடிக்கையான கணக்கு

1936-ல் பெர்லின் ஒலிம்பிக். ஜெர்மனியின் சொந்தக் குளம், சொந்த ஜனங்கள். ஹங்கேரியும் ஜெர்மனியும் மோதிய ஆட்டம் 2-2 என்று சமமாயிற்று. மற்ற ஆட்டங்களையெல்லாம் இருவருமே வென்றிருந்தார்கள். தங்கம் யாருக்கு?

கோல் கணக்கைப் பார்த்தார்கள். ஜெர்மனி போட்டது 14, வாங்கியது 4. ஹங்கேரி போட்டது 10, வாங்கியது 2. கழித்துப் பார்த்தால் ஜெர்மனிக்குத்தான் அதிகம். ஆனால் அந்நாளைய சட்டப்படி கழிக்கக் கூடாது, வகுக்க வேண்டும். வகுத்தால் ஹங்கேரிக்கு 5, ஜெர்மனிக்கு மூன்றரை. கோல் விடாமல் காத்த சிக்கனத்துக்குத் தங்கம் கிடைத்தது.

1934-லும் 1938-லும் ஐரோப்பியப் பட்டம் மீண்டும் ஹங்கேரிக்கே. அப்புறம் யுத்தம் வந்தது.

யுத்தத்தில் பிழைத்த ஹலாஷி, சமாதானத்தில் பிழைக்கவில்லை. ஹங்கேரியில் சோவியத் படைகள் தங்கியிருந்த காலம். 1946 செப்டம்பர் 10-ந் தேதி, புடாபெஸ்டில் தம் வீட்டுக்கு அருகிலேயே, கொள்ளையடிக்க வந்த சோவியத் சிப்பாய் ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றான். அப்போது அவருக்கு வயது 37.