ஏணியோடு திரிந்த கணக்கு வாத்தியார்



ஆண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். எடிசனையும் ஐன்ஸ்டீனையும் மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. நான் எழுத நினைத்தவர் வேறொருவர். தொலைபேசிப் போக்குவரத்துக் கணக்கில் விடைக்குப் பக்கத்தில் எர்லாங் என்று அலகு போட்டு மார்க் வாங்குகிறோமே, அந்த எர்லாங்! அது ஒரு மனிதரின் பெயர் என்பது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அவரை நான் தேடிப்போனதற்கு ஒரு காரணம் உண்டு. நான் கரடியூர்க்காரன். ஒரு மே மாதம், ஏற்காடு கோடை விழா நேரம். மலை முழுக்க வண்டி, ஜனக்கூட்டம். சில்வர் ஓக் மரத்தில் நிழல் கழிக்க ஏறிய சித்தப்பா தவறி விழுந்துவிட்டார். ஜீப் வைத்திருக்கும் மாமாவுக்குப் போன் போட்டால் லைனே போகல. திரும்பத் திரும்ப நாற்பது நிமிஷம் போட்டுப் பார்த்தோம். கடைசியில் தம்பி ஓடிப்போய்த்தான் ஜீப்பைக் கூட்டிவந்தான். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் போய்ச் சேர்ந்தோம். சித்தப்பா பிழைத்தார். ஆனால் இன்றைக்கும் கையில் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். அந்த நாற்பது நிமிஷத்தைச் சொல்லிச் சித்தி இன்னும் புலம்பும்.

அன்று பட்டப்பகலில் டவரில் பாதிக் கருவிகளை நிறுத்திவிட்டுப் புதுசு மாட்டிக்கொண்டிருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. பாதிதானே நின்றது, அப்புறம் ஏன் ஒரு காலும் போகல? இந்தக் கேள்விதான் என்னை எர்லாங்கிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அக்னர் கிராருப் எர்லாங் 1878 ஜனவரி 1 அன்று டென்மார்க் நாட்டின் லோன்போர்க் கிராமத்தில் பிறந்தார். அப்பா ஊர்ப் பள்ளி ஆசிரியர். சிறுவயதில் அண்ணன் புத்தகம் படிக்கும்போது இவர் எதிரே உட்கார்ந்து தலைகீழாகவே படித்துவிடுவாராம்! 14 வயதில் பல்கலைக்கழகத் தேர்வில் தேறினார். வயது பத்தாததால் தேர்வெழுதவே தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. ஊருக்குத் திரும்பி அப்பாவின் பள்ளியிலேயே 2 வருடம் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு உதவித்தொகையில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1901-இல் கணிதத்தில் பட்டம் பெற்றார். மறுபடியும் வாத்தியார் வேலைதான், சில வருடங்கள்.

கணித சங்கக் கூட்டங்களில் யென்சன் என்பவரின் பழக்கம் கிடைத்தது. கணிதத்தில் யென்சன் சமனிலி என்று ஒன்று உண்டே, அதைத் தந்தவர் இவர்தான். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியின் தலைமைப் பொறியாளரும் இவரே. அவர் மூலம் 1908-இல் எர்லாங் அந்தக் கம்பெனிக்கு வந்தார்.

கணக்கு வாத்தியாருக்கு டெலிபோன் கம்பெனியில் என்ன வேலை? ஆரம்பத்தில் உதவிக்கு ஆள்கூடக் கிடையாது. நிலத்தடிக் கேபிள்களில் மின்கசிவை அளக்க அவரே தெருவில் இறங்கினார். ஏணி தூக்கிய ஒரு தொழிலாளி கூடவே வர, தெருத் தெருவாகப் போய்ப் பாதாளக் குழிகளுக்குள் இறங்குவார். பட்டம் பெற்ற கணித மேதை சேற்றுக்குழிக்குள்! பிராக்டிகல் நோட்டைப் பார்த்து எழுதும் நாம் இதை நினைத்துப் பார்க்க வேண்டாமா?

அவர் கையில் எடுத்த பெரிய கேள்வி இதுதான். யார் எப்போது போன் செய்வார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்படியானால் எத்தனை லைன் போட்டால் போதும்? 1909-இல், தற்செயலாக வரும் அழைப்புகளுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்று நிகழ்தகவுக் கணிதத்தால் காட்டினார். 1917-இல் அழைப்பு தவறும் வாய்ப்பைச் சொல்லும் சூத்திரத்தைத் தந்தார்.

அந்தச் சூத்திரத்தை எங்கள் மலைக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரம் முழுக்க ஒரு லைன் பேச்சில் இருந்தால் 1 எர்லாங். மூன்று நிமிஷப் பேச்சு என்றால் இருபது அழைப்பு. ஒரு 2ஜி டவரில் பேச 14 வழிகள் இருப்பதாக வையுங்கள். 8.2 எர்லாங் நெரிசல் வந்தால் நூற்றுக்கு 2 அழைப்புதான் தவறும். அதே நெரிசலில் 7 வழிகளை அணைத்துவிட்டால்? நான்கு பேர் தவறும் என்றுதான் நானும் நினைத்தேன். கணக்கு வந்தது 32! போதாததற்குத் தவறினவர்கள் சும்மா இருப்பார்களா? மறுபடி மறுபடி போடுவார்கள். நெரிசல் இன்னும் ஏறும். அன்று நாங்கள் செய்ததும் அதைத்தானே!

இப்போது இரவு 2 மணிக்கு நெரிசல் 2 எர்லாங்குக்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். அந்த நேரத்தில் பாதியை அணைத்தாலும் ஆயிரத்துக்கு மூன்று நான்கு அழைப்புதான் தவறும். பகலில் எல்லாம் ஓடும்போது தவறுவதைவிடக் குறைவு! ஆக, கருவியை நிறுத்தியது குற்றமில்லை. நிறுத்திய நேரம்தான் குற்றம்.

ஆனால் இரவு என்றாலே காலி என்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் கூடாது. சேர்வராயன் கோயில் திருவிழா இரவில் எங்கள் மலையில் யார் தூங்குகிறார்கள்? அந்தந்த டவரில் மணிக்கு மணி அளந்துதான் நேரம் குறிக்க வேண்டும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் நிறுத்தாமல் பகுதி பகுதியாக மாற்ற வேண்டும். புதுசு சரியில்லை என்றால் உடனே பழசுக்குத் திரும்ப வழி வைத்திருக்க வேண்டும். ஊருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

எர்லாங் திருமணம் செய்துகொள்ளவில்லை. வேலையும் புத்தகமுமே அவர் உலகம். கஷ்டப்பட்டவர்கள் ஆய்வுக்கூடத்துக்கே தேடிவருவார்கள். வெளியே தெரியாமல் பணம் கொடுத்து அனுப்புவார். சுமார் 20 வருடம் நோய் என்று படுக்காமல் உழைத்தவர், அறுவைச் சிகிச்சைக்குப் பின் 1929 பிப்ரவரி 3 அன்று மறைந்தார். வயது 51தான்.

1946-இல் உலகத் தொலைபேசி அமைப்பு அவர் பெயரையே அலகாக்கியது. 1980-களில் ஸ்வீடனின் எரிக்சன் கம்பெனி உருவாக்கிய ஒரு கணினி மொழிக்கும் எர்லாங் என்றே பெயர். அதன் சிறப்பு என்ன தெரியுமா? எக்ஸ்சேஞ்ச் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பேச்சு அறுபடாமல், உள்ளே புரோகிராமை மாற்றலாம்! எங்கள் மலைக்கு அன்று தேவைப்பட்டது இதுதானே?

நண்பர்களே! இன்னும் சில மாதங்களில் டிப்ளமோவோடு வெளியே போகிறோம். நம்மில் சிலர் டவர் ஏறுவோம். ஸ்பானரை எடுக்கும் முன் அந்த மணியில் எத்தனை பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிடுவோம். அதில் ஒருவர், கரடியூரில் ஜீப்புக்குப் போன் போடுகிறவராக இருக்கலாம்.

— மூன்றாமாண்டு மாணவன்,
மின்னணு மற்றும் தொடர்பியல் துறை