சர் சி.வி. ராமனும் அவர் கையில் எடுத்த பொருட்களும்

பிப்ரவரி 28 வந்தால் பள்ளிக்கூடங்களில் தேசிய விஞ்ஞான தினம் கொண்டாடுவார்கள். 1987 முதல் இது நடந்து வருகிறது. அன்று சர் சி.வி. ராமனைப் பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் ஒரு விஷயத்தைச் சொல்வார்கள். சில நூறு ரூபாய் பெறுமான கருவிகளை வைத்துக்கொண்டே நோபல் பரிசு வாங்கிவிட்டார் என்று. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லும் விதத்தில், ஏதோ சிக்கனத்துக்காகப் பரிசு கொடுத்தாற்போல் ஒரு தொனி வந்துவிடுகிறது. அந்தச் சாமான்கள் எவை, அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எப்படி யோசித்தார் என்று பார்த்தால் கதை வேறு விதமாக இருக்கும். அவருடைய வாழ்க்கையை அந்தக் கோணத்திலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

திருச்சிக்கு அருகில் திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7 அன்று பிறந்தார் ராமன். தந்தை சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர். கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். வயலினும் வாசிப்பார். வீட்டில் புத்தகங்களும் ஒரு வயலினும் இருந்தன என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பிற்பாடு வரும். பதினொரு வயதில் மெட்ரிகுலேஷன். 1903-ல் சென்னை மாநிலக் கல்லூரி. 1904-ல் பி.ஏ., 1907-ல் எம்.ஏ., இரண்டிலும் முதன்மை.

எம்.ஏ. படிக்கும்போது நடந்தது இது. கண்ணாடிப் பட்டகத்தின் கோணத்தை நிறமாலைமானியில் வைத்து அளக்கும் சோதனை. விஞ்ஞானம் படித்த வாசகர்கள் எல்லோரும் செய்திருப்பார்கள். நாங்கள் பி.எஸ்ஸி. படித்தபோதும் அதே சோதனை இருந்தது. அறுபது டிகிரிக்குப் பக்கத்தில் விடை வந்ததும் ரெக்கார்டு நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். ராமன் அந்தக் குழாயில் கண்ணை வைத்தபோது, பட்டகத்தின் முகத்தில் மிகச் சாய்வாகப் பட்டுத் திரும்பிய ஒளியின் ஓரங்களில் கோடுகள் தெரிந்தன. ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி. சோதனைக்குத் தேவையில்லாத கோடுகள். அவர் கோணத்தை விட்டுவிட்டுக் கோடுகளைப் பிடித்துக்கொண்டார். அதன் விளைவாக 1906 நவம்பரில் லண்டனிலிருந்து வெளிவந்த பிலசாபிகல் மேகஸின் என்ற பத்திரிகையில் அவருடைய முதல் கட்டுரை வெளிவந்தது. அப்போது வயது பதினெட்டு. யாரும் வழிகாட்டவில்லை.

அந்நாளில் விஞ்ஞானத்தை நம்பி ஒரு இந்தியர் பிழைக்க முடியாது. 1907-ல் நிதித்துறைத் தேர்வு எழுதினார், முதலிடம் பெற்றார். அதே வருஷம் லோகசுந்தரி அம்மாளுடன் விவாகம். வீணை வாசிக்கத் தெரிந்த பெண். தம்பதிகள் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள், உதவி அக்கவுண்டண்ட் ஜெனரல் உத்தியோகம்.

டிராமில் ஆபீஸ் போகும் வழியில் பௌபஜார் வீதி 210-ஆம் எண் கட்டிடத்தில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. விஞ்ஞான வளர்ச்சிக்கான இந்திய சங்கம் என்று எழுதியிருந்தது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் ஆரம்பித்தது. (கொல்கத்தா அன்பர்களுக்கு: அந்த வீதிக்கு இப்போது பிபின் பிஹாரி கங்குலி வீதி என்று பெயர். சங்கம் ஜாதவ்பூருக்குப் போய்விட்டது.) சொற்பொழிவுகள் நடந்தனவே தவிர, ஆராய்ச்சி என்று ஒன்றும் நடக்கவில்லை. நல்ல கருவிகள் தூசி படிந்து கிடந்தன. கதவைத் திறந்துவிட்டவர் ஆஷுதோஷ் தே என்ற உதவியாளர். ஆஷு பாபு என்று பின்னாளில் எல்லோரும் அழைத்த அவர் அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபத்தைந்து வருஷம் ராமனின் வலது கையாக இருந்தார். கல்லூரிப் பட்டம் பெறாதவர். ஆனால் கருவியைப் பிடிக்கத் தெரிந்த கை.

பத்து வருஷம் இப்படிப் போயிற்று. விடிகாலையில் ஆய்வுக்கூடம், பகல் முழுவதும் கணக்குத் தணிக்கை, சாயங்காலம் மறுபடி ஆய்வுக்கூடம். நடுவில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல். அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு மாற்றல் உத்தரவின் அருமை தெரியும். ரேஷன் கார்டு முதல் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வரை எல்லாம் குலையும். ராமன் நாகபுரியில் வீட்டிலேயே ஒரு பகுதியை ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். 1910-ல் தந்தை காலமானபோது சென்னைக்கு வந்தவர், விடுப்புக் காலத்தில் மாநிலக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார்.

இந்த வருஷங்களில் அவர் அதிகம் கையாண்டவை வாத்தியங்கள். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வயலினில் வில் படும்போது தந்தி எப்படி ஆடுகிறது என்பது பழைய கேள்வி. மனிதக் கை வில்லை ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில் இழுக்காது. ஆகையால் ராமன் ஒரு இயந்திரம் கட்டினார். அதில் வில் அசையாது. தொட்டிலில் வைத்த வயலின்தான் சீரான வேகத்தில் முன்னும் பின்னும் போகும். கச்சேரி வித்வான்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

பிறகு மிருதங்கம். சாதாரணத் தோல் வாத்தியத்தில் தட்டினால் எழும் பல ஒலிகளும் ஒன்றுக்கொன்று முழு எண் விகிதத்தில் இருக்காது. அதனால்தான் மேல்நாட்டு டிரம்மில் சத்தம் உண்டு, சுருதி சரியாக நிற்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் மட்டும் சுருதி எப்படி நிற்கிறது? தோலின் நடுவே கல் பொடியையும் சாதத்தையும் குழைத்து அடுக்கடுக்காக அப்பியிருக்கும் கருப்பு வட்டம்தான் காரணம். அந்தக் கனம் நடுவில் இருப்பதால் தோலின் அதிர்வுகள் ஒன்று சேர்ந்து ஐந்து இசைவான சுரங்களாக அமைகின்றன என்று காட்டினார். 1920-ல் சிவகாளி குமாருடன் நேச்சர் பத்திரிகையில் எழுதினார். பிற்பாடு தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி, தட்டும் விதத்துக்கு ஏற்ப மணல் எந்தக் கோடுகளில் போய் ஒதுங்குகிறது என்று பதிவு செய்தார். பெயர் தெரியாத கைவினைஞர்கள் காதை மட்டும் நம்பிச் செய்துவந்த ஒரு பொருளுக்குள் எவ்வளவு பௌதிகம் ஒளிந்திருக்கிறது என்று உலகத்துக்குச் சொன்னவர் அவர். தம்பூராவையும் வீணையையும் அவர் விடவில்லை. தந்தியை எந்த இடத்தில் மீட்டினால் எந்த மேல்சுரம் வராது என்று மேல்நாட்டு விதி ஒன்று உண்டு. தம்பூராவின் அகலமான, வளைந்த குதிரையில் அந்த விதி பலிப்பதில்லை என்பதைக் கேட்டுக் கண்டுபிடித்தார்.

1917-ல் சர் ஆஷுதோஷ் முகர்ஜி அழைத்ததன் பேரில் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியரானார். சம்பளம் பாதி அளவுக்குக் குறைந்தது. பென்ஷன் உள்ள உத்தியோகத்தை விட்டு இப்படிப் போவதற்கு அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்பதைவிட, லோகசுந்தரி அம்மாளுக்கு எவ்வளவு பொறுமை வேண்டியிருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1921-ல் ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்குப் போனார். கப்பலிலிருந்து மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்தார். வானத்தின் நீலம்தான் நீரில் பிரதிபலிக்கிறது என்பது ராலே பிரபு போன்ற பெரியவரே சொல்லிவைத்த விளக்கம். திரும்பும்போது நர்குண்டா என்ற கப்பல். ராமனிடம் ஒரு நிகோல் பட்டகம் இருந்தது, உள்ளங்கையில் அடங்கும் சாமான். நீரின் மேற்பரப்பை ஒரு குறிப்பிட்ட சாய்வில் பார்த்து, பட்டகத்தைச் சரியாகத் திருப்பினால் பிரதிபலித்து வரும் ஒளி அணைந்துபோகும். வானத்தின் பிரதிபலிப்பை அப்படி அணைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் ஆழமாகத் தெரிந்தது. அப்படியானால் நீலம் நீருக்குள்ளிருந்து வருகிறது, நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன. பம்பாய்த் துறைமுகத்திலிருந்தே நேச்சருக்குக் கடிதம் போயிற்று.

இங்கே ஒரு சின்ன விலகல். ஒன்பது வருஷம் கழித்து, 1930-ல், அவருடைய அண்ணன் பிள்ளை சுப்ரமணியன் சந்திரசேகர் அதே பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். வழியில் அவர் காகிதமும் பென்சிலுமாக நட்சத்திரங்களின் முடிவைப் பற்றிக் கணக்குப் போட்டார். அதற்கு 1983-ல் நோபல் பரிசு. ஒரே குடும்பம், ஒரே கடல். ஒருவர் கடலைப் பார்த்தார், மற்றவர் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் கணக்கில் இருந்தார். விஞ்ஞானத்தில் இரண்டு வழியும் உண்டு. ராமனுடைய வழி இன்னது என்பதற்காகச் சொன்னேன்.

அடுத்த ஏழு வருஷம் ஒளிச்சிதறல். கே.ஆர். ராமநாதன் 1923-ல் நீரில் சிதறிய ஒளியில் நிறம் மாறிய ஒரு மங்கலான சுவடு கலந்திருப்பதைக் கண்டார். அசுத்தத்தால் இருக்கும் என்று திரவத்தைத் திரும்பத் திரும்பச் சுத்தப்படுத்தினார்கள், போகவில்லை. 1928 ஜனவரியில் எஸ். வெங்கடேஸ்வரன் கிளிசரினில் அதையே பளிச்சென்று பச்சையாகக் கண்டார். இவர் அலிப்பூரில் அரசாங்கப் பரிசோதனைக் கூடத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் ஆராய்ச்சி செய்தவர். பழைய ராமனைப் போலவே.

உடனே ராமன், கே.எஸ். கிருஷ்ணனைத் தத்துவக் கணக்குகளிலிருந்து இழுத்துக் கருவியின் முன் உட்காரவைத்தார். ஏற்பாடு இவ்வளவுதான். 18 சென்டிமீட்டர் அகலமுள்ள தொலைநோக்கி லென்ஸ் சூரிய ஒளியைக் குவிக்கும். இன்னொரு சிறிய லென்ஸ் அதை மேலும் குவித்துத் திரவத்துக்குள் அனுப்பும். இரண்டு வண்ணக் கண்ணாடிகள். ஒன்று நீலஊதாவை மட்டும் விடும், மற்றொன்று அதை முற்றிலும் தடுத்து மஞ்சள்பச்சையை மட்டும் விடும். இரண்டையும் சேர்த்து வைத்தால் இருட்டு. ஆனால் முதல் கண்ணாடியைத் திரவத்துக்கு முன்னும் இரண்டாவதைச் சிதறிவரும் ஒளியின் பாதையிலும் வைத்தால் இருட்டு இல்லை! உள்ளே போகாத நிறம் வெளியே வருகிறது. திரவத்தின் மூலக்கூறுகள் ஒளியிடமிருந்து கொஞ்சம் சக்தியை எடுத்துக்கொண்டு நிறத்தை மாற்றி அனுப்புகின்றன. எவ்வளவு எடுத்துக்கொள்கின்றன என்பது ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி. பார்த்த கருவி, இருட்டறையில் வெகுநேரம் உட்கார்ந்து பழக்கப்பட்ட மனிதக் கண். சுமார் அறுபது திரவங்களில் பார்த்தார்கள். நிறமாலைமானி வைத்து உறுதி செய்தது பிப்ரவரி 28 அன்று. பாதரச விளக்கு வந்தபின் கோடுகள் துல்லியமாகத் தெரிந்தன. ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் மார்ச் 31 நேச்சரில் கடிதம் வெளிவந்தது. அதே நாட்களில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க்கும் மாண்டல்ஸ்டாமும் குவார்ட்ஸ் படிகத்தில் இதையே கண்டிருந்தார்கள். 1930-ல் பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது. கிருஷ்ணனின் பங்கை எடை போடும் விவாதம் இன்றும் உண்டு. கண்ணை வைத்துப் பார்த்தவர் பலர் என்பதில் விவாதமில்லை.

ஆகவே கருவி மலிவு என்பதில் பாதிதான் உண்மை. தூசு துளியும் இல்லாத திரவமும், ஏழு வருஷம் பழகிய கண்களும் எந்த விலைப் பட்டியலிலும் கிடைக்காது.

1933-ல் பெங்களூர் வந்தார், இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதல் இந்திய இயக்குநராக. நிர்வாகத்தில் சச்சரவு ஏற்பட்டு 1937-ல் இயக்குநர் பதவி போயிற்று. பேராசிரியராக 1948 வரை இருந்தார். இந்தக் காலத்தில் அவரைப் பிடித்துக்கொண்டது வைரம். நகைக்காக இல்லை. நிறைய வைரங்களைச் சேர்த்தார், மாணவர்கள் கையில் கொடுத்தார். அவர்களில் ஒருவர் அன்னா மணி. முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் நிறமாலையை அவர் படமெடுத்தார். ஒரு படத்துக்கே பதினைந்து, இருபது மணி நேரம் ஒளி பட வேண்டும், ஆகையால் சில இரவுகள் ஆய்வுக்கூடத்திலேயே தூங்கினார். எம்.எஸ்ஸி. இல்லை என்ற காரணத்தால் அவருக்குப் பிஎச்.டி. பட்டம் கிடைக்கவில்லை. பின்னாளில் வானிலைத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த அளவுகருவிகளை இந்தியாவிலேயே செய்யவைத்தவர் அவர்தான்.

வைரமே ராமனைத் தடுக்கியும் விட்டது. படத்தட்டில் கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தன. ஆகையால் படிகத்துக்குள் அணுக்களின் அதிர்வுகளும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவே என்று ஒரு தத்துவம் சொன்னார். அதிர்வுகள் எண்ணற்றவை, தொடர்ச்சியானவை. சில இடங்களில் அவை குவிவதால்தான் கோடு போல் தெரிகிறது என்றது மாக்ஸ் பார்ன் பக்கம். இந்த பார்னைத்தான் 1935-ல் ராமனே பெங்களூருக்கு வரவழைத்திருந்தார். 1940-களில் சண்டை கடுமையாயிற்று. உலகம் பார்னை ஏற்றது. ராமன் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. கல்லூரி நாளில் கண்ணில் பட்ட கோட்டை நம்பியவர், அறுபது வயதிலும் கண்ணில் பட்ட கோட்டையே நம்பினார்.

1948-ல் தமக்கென்று ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்திக்கொண்டார். 1954-ல் பாரத ரத்னா. கடைசி வருஷங்களில் ரோஜாப்பூவின் நிறம், கண்ணின் பார்வை என்று போனார். 1970 நவம்பர் 21 அன்று காலமானார். நிலையத்தின் தோட்டத்திலேயே தகனம். சமாதி இல்லை, அவ்விடத்தில் ஒரு மரம் நிற்கிறது.

லேசர் வந்த பிறகு அவருடைய கண்டுபிடிப்பு மறுபிறவி எடுத்தது. இன்று ராமன் நிறமாலைமானி கையில் அடங்கும் அளவில் வந்துவிட்டது. போதைப்பொருளைப் பொட்டலம் பிரிக்காமல் கண்டுபிடிக்கிறார்கள். வைரமா வேறு கல்லா என்று ரத்தினப் பரிசோதனைக் கூடங்களில் சொல்லிவிடுகிறார்கள். 2021 பிப்ரவரியில் செவ்வாய் கிரகத்தில் இறங்கிய பெர்செவரன்ஸ் ஊர்தியிலும் அது இருக்கிறது. பெங்களூரில் ராமன் சேர்த்துவைத்த கற்கள், கிளிஞ்சல்கள், பட்டாம்பூச்சிகள் எல்லாம் அவருடைய நிலையத்திலேயே அருங்காட்சியகமாக இருக்கின்றன. அங்கே புற ஊதா விளக்கைப் போட்டால், சாதாரணமாகத் தெரிந்த கற்கள் இருட்டில் சிவப்பும் பச்சையுமாக ஒளிர ஆரம்பிக்கும்.