கழுத்தையும் குடலையும் இணைத்துப் பார்த்த மருத்துவர்

இராபர்ட் மெக்கரிசன் 1878ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் அயர்லாந்தின் போர்ட்டடவுன் நகரில் பிறந்தார். பெல்ஃபாஸ்டில் மருத்துவம் பயின்று 1900இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 23.

சில ஆண்டுகளில் அவர் இமயமலைப் பகுதியிலுள்ள கில்கித்துக்கு மருத்துவராகச் சென்றார். அங்கே பலருடைய முன்கழுத்து பெரிதாக வீங்கியிருந்தது. தைராய்டு சுரப்பி பருப்பதால் உண்டாகும் இந்நோயைக் கழலை என்பர். கில்கித்தின் சிற்றூர்கள் ஒரே வாய்க்கால் நீரை ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்தின. மேலூரில் நோயாளிகள் குறைவு. நீர் கீழே செல்லச் செல்ல அவர்களின் எண்ணிக்கை கூடியது. நீரில் கலக்கும் அழுக்கே நோயைத் தருகிறது என மெக்கரிசன் ஐயுற்றார்.

அதைச் சோதிக்க அவர் துணிந்த வழி வியப்பூட்டுவது. அந்நீரை வடிகட்டி, எஞ்சிய கசடைத் தாமும் குடித்தார். தாமாக முன்வந்தவர்களுக்கும் கொடுத்தார். சிலருக்குக் கழுத்து வீங்கியது. கொதிக்க வைத்த கசடைக் குடித்தவர்களுக்கு வீக்கம் தோன்றவில்லை. குடலில் வாழும் கிருமிகளே தைராய்டைத் தாக்குகின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தார். குடற்கிருமிகளை அழிக்கும் மருந்தைக் கொடுத்தபோது சிலருடைய கழலை சுருங்கியதையும் கண்டார்.

1918இல் அவர் நீலகிரி மலையிலுள்ள குன்னூரில், பாஸ்டர் ஆய்வு நிலையத்தின் ஓர் அறையில் புதிய ஆய்வைத் தொடங்கினார். சத்துக் குறைந்த உணவைப் புறாக்களுக்கும் குரங்குகளுக்கும் கொடுத்தார். அவற்றின் குடற்சுவர் மெலிந்தது. தைராய்டு போன்ற சுரப்பிகளின் எடையும் மாறியது. ஓர் உறுப்பு நலிந்தால் மற்றவையும் நலியும் என்பதை அவர் உணர்ந்தார். 1923இல் அரசாங்கச் சிக்கன நடவடிக்கையால் ஆய்வு நின்றது. ஆயினும் அவர் மனம் தளரவில்லை. 1925இல் ஆய்வு மீண்டும் உயிர் பெற்றது. பின்னர் ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்தது. 1933இல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது. 1935இல் பணி ஓய்வு பெற்று நாடு திரும்பினார்.

எனினும், கழலையைப் பற்றிய அவருடைய முடிவு முழுமையானதன்று. உணவில் அயோடின் குறைவதே அந்நோய்க்கு முதன்மைக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. 1922இல் சுவிட்சர்லாந்தில் அயோடின் கலந்த உப்பு பயன்பாட்டுக்கு வந்தது. மெக்கரிசன் உருவாக்கிய அதே குன்னூர் ஆய்வகத்தில் பணியாற்றியவர் மருத்துவர் இராமலிங்கசுவாமி. அவர் 1956இல் இமயமலைச் சாரலிலுள்ள காங்கிரா பள்ளத்தாக்கில் அயோடின் உப்பைப் பயன்படுத்தும் ஆய்வைத் தொடங்கினார். அங்குக் கழலை வெகுவாகக் குறைந்தது. மெக்கரிசனின் முடிவில் இருந்த குறையை அவருடைய ஆய்வகத்திலிருந்து வந்தவரே நிறைவு செய்தார் எனலாம்.

ஆனால், கழுத்துக்கும் குடலுக்கும் உறவு உண்டு என்ற அவருடைய எண்ணம் வீண்போகவில்லை. குடலும் இயக்குநீர்களைச் சுரக்கிறது என்பது 1902இலேயே இலண்டனில் கண்டறியப்பட்டது. தைராய்டு இயக்குநீர் குறைந்தால் குடலின் அசைவு மந்தமாகி மலச்சிக்கல் ஏற்படுகிறது. அது மிகுந்தால் குடல் விரைந்து இயங்குகிறது. இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்னும் இயக்குநீர் பசியைத் தூண்டுவது. தைராய்டு மிகையாகச் சுரப்பவர்களுக்குப் பசி அதிகம். ஆயினும் அவர்களின் இரத்தத்தில் கிரெலின் பெரும்பாலும் குறைந்தே காணப்படுகிறது. உடல் எடை மெலியும்போது வழக்கமாகக் கிரெலின் கூட வேண்டும். இங்கோ நேர்மாறாக நிகழ்கிறது. இதன் காரணத்தை ஆய்வாளர்கள் இன்றும் தேடுகின்றனர்.

மெக்கரிசன் 1960ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டில் காலமானார். குன்னூர் ஆய்வகம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. மெர்லிமாவ் கடையில் நாம் வாங்கும் உப்புப் பொட்டலத்திலும் அயோடின் என்ற சொல்லைக் காணலாம். அச்சொல்லுக்குப் பின்னால் பலருடைய உழைப்பு உள்ளது. விடையில் தவறினாலும் நல்ல வினாவை எழுப்பியவர் அறிவியலுக்கு வழிகாட்டியே என்பதை மெக்கரிசனின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.