சமாதானத்துக்கு ஒரு காரியாலயம்: ஹ்யூபர்ட் ஹம்ப்ரியின் சரித்திரம்

யுத்தத்துக்கு எல்லாத் தேசங்களிலும் சொந்த வீடு உண்டு. அதற்கென்று மந்திரி உண்டு, சேனாதிபதிகள் உண்டு, பொக்கிஷத்தில் பெரும் பங்கு உண்டு, இரவும் பகலும் அதன் காரியத்தையே சிந்திக்கச் சம்பளம் பெறும் உத்தியோகஸ்தர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. சமாதானத்துக்கோ மேடை ஒன்றே உண்டு. பிரசங்கம் முடிந்து கூட்டம் கலைந்தால் அதுவும் கலைந்துவிடும். இந்த ஏற்றத்தாழ்வு நீங்கும்வரை ஆயுதக் குறைப்பு வெறும் வாய்ப்பேச்சாகவே நிற்கும் என்று கண்டு, தமது தேசத்துச் சர்க்காரிலேயே சமாதானத்துக்குச் சட்ட பூர்வமான ஓர் இடம் தேடித் தந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க ஸெனட்டர் ஹ்யூபர்ட் ஹம்ப்ரி. பொது வாழ்வில் ஈடுபட்ட நமது நேயர்கள் அவருடைய சரித்திரத்தில் பின்பற்றத் தக்கதையும் விலக்கத் தக்கதையும் ஒருங்கே காணலாம்.

ஹம்ப்ரி 1911ம் வருஷம் மே மாதம் 27ந் தேதி தெற்கு டகோடா மாகாணத்தில் வாலஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் மருந்துக் கடை வைத்திருந்தவர். பொருளாதார மந்தத்தின் கொடுமையால் மகன் மின்னஸோட்டா சர்வகலாசாலைப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கடையில் தகப்பனாருக்குத் துணை நிற்க நேர்ந்தது. விளைந்த தானியத்துக்கு விலையின்றிக் குடியானவர்கள் கெட்டதை அந்தக் கடையிலிருந்தே அவர் கண்டார். பின்னர் மீண்டும் கல்வியை மேற்கொண்டு 1939ல் பட்டம் பெற்றார். 1945ல் மின்னியாபொலிஸ் நகரின் மேயரானார். 1948ல் பிலடெல்பியாவில் கூடிய ஜனநாயகக் கட்சி மகாநாட்டில், நீக்ரோ மக்களுக்குச் சம உரிமை வழங்குவதைக் கட்சியின் கொள்கையாக்க வேண்டும் என்று அஞ்சாது வாதித்து வெற்றி கண்டார். தென் மாகாணப் பிரதிநிதிகள் பலர் மகாநாட்டை விட்டு வெளியேறினர். அவ்வருஷமே மின்னஸோட்டா மக்கள் அவரை ஸெனட் சபைக்கு அனுப்பினர்.

ஹம்ப்ரி ஸெனட்டில் அமர்ந்த காலம் உலகம் நடுங்கிய காலம். 1952ல் அமெரிக்கா ஜலவாயுக் குண்டைச் சோதித்தது. மறு வருஷம் ருஷ்யாவும் தனது சக்தியைக் காட்டிற்று. 1954 மார்ச்சில் பிகினித் தீவில் வெடித்த குண்டின் சாம்பல், வெகுதூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியர் மீது விழுந்தது. சோதனைகளை நிறுத்தி வைக்கவேண்டும் என்று அடுத்த மாதமே நமது பிரதம மந்திரி நேரு விடுத்த வேண்டுகோளை வல்லரசுகள் ஏற்கவில்லை. 1955ல் ஆயுதக் குறைப்பைப் பற்றி விசாரிக்க ஸெனட் ஓர் உபகமிட்டியை நியமித்தது. ஹம்ப்ரி அதன் தலைவரானார்.

விசாரணையில் வெளிப்பட்ட உண்மை சாதாரணமானதுதான். ஆயினும் அதுவே அவரது முயற்சிக்கு வித்தாயிற்று. குண்டு செய்வதற்கு மகா மேதைகளும் பெரும் பொருளும் இருந்தன. குண்டைக் கட்டுப்படுத்தும் பேச்சுவார்த்தைக்குச் செல்வோருக்கோ போதிய சிப்பந்திகள் இல்லை, ஆராய்ச்சி இல்லை, ஒரு மகாநாட்டில் கற்றதை அடுத்த மகாநாட்டுக்குக் கொண்டு செல்ல நிலையான காரியாலயம் இல்லை. பூமிக்குள் ரகசியமாக ஒரு குண்டு வெடித்தால் அதைப் பூகம்பத்திலிருந்து பிரித்தறிவது எப்படி என்பது போன்ற கேள்விகளுக்கு நல்லெண்ணம் மட்டும் பதில் சொல்லாது. சாஸ்திர ஞானம் வேண்டும். 1958 டிசம்பரில் ஹம்ப்ரி மாஸ்கோ சென்று குருஷ்சேவுடன் ஏறக்குறைய எட்டு மணி நேரம் சம்பாஷித்தார். எதிரியோடும் பேசலாம் என்ற அவரது நம்பிக்கை அதனால் உறுதிப்பட்டது. 1960ல் சமாதான ஸ்தாபனம் ஒன்றை ஏற்படுத்த ஒரு மசோதாவைக் கொண்டு வந்தார். அது நிறைவேறவில்லை. அவ்வருஷம் ஐஸன்ஹோவர் சர்க்கார், ராஜாங்க இலாகாவுக்குள் ஆயுதக் குறைப்புக்கென ஒரு சிறு பகுதியைத் திறந்தது. ஆனால் உத்தரவினால் பிறந்ததை உத்தரவினால் மூடிவிடலாம் அல்லவா? சட்டத்தினால் பிறந்ததை மூடச் சட்டம் வேண்டும்.

1961ல் கென்னடி ஜனாதிபதியானதும் காலம் கனிந்தது. எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஜான் மெக்லாய் மசோதாவைத் தயாரித்தார். ஜூன் மாத இறுதியில் அது காங்கிரஸுக்கு அனுப்பப்பட்டது. ஸெனட்டில் அதை நடத்திச் செல்லும் பொறுப்பை ஹம்ப்ரி ஏற்றார். அந்த வேளையில் நேர்ந்தவற்றைப் பாருங்கள். ஆகஸ்டில் பெர்லின் நகரின் நடுவே சுவர் எழுந்தது. செப்டம்பர் முதல் தேதி ருஷ்யா மறுபடி அணுகுண்டுச் சோதனையைத் தொடங்கிற்று. இந்நிலையில் ஆயுதக் குறைப்புக்குக் காரியாலயமா என்று ஏளனம் செய்தவர்கள் இருந்தனர். தேசத்தின் பாதுகாப்பையே விற்கிறார்கள் என்று கூச்சலிட்டவர்களும் இருந்தனர். ஹம்ப்ரி பின்வாங்கவில்லை. ஆனால் வீம்பும் பிடிக்கவில்லை. ஒப்பந்தத்தினாலோ காங்கிரஸின் அனுமதியினாலோ அன்றித் தேசத்தின் படைபலத்தை எவரும் குறைக்கலாகாது என்ற நிபந்தனை சட்டத்தில் ஏறியது. ஐயப்பட்டோரின் வாய் அடங்கிற்று. செப்டம்பர் 26ந் தேதி நியூயார்க்கில் கென்னடி அதில் கையெழுத்திட்டார். ஆயுதக் கட்டுப்பாடு, ஆயுதக் குறைப்பு ஏஜென்ஸி என்ற ஸ்தாபனம் பிறந்தது. ஆராய்ச்சி நடத்துவதும், பேச்சுவார்த்தைகளுக்கு வேண்டியதைச் சித்தம் செய்வதும், மேற்பார்வை முறைகளை வகுப்பதும், பொது ஜனங்களுக்கு விஷயங்களைத் தெரிவிப்பதும் அதன் கடமைகள். முன்பு யுத்த இலாகாவில் உயர் பதவி வகித்த வில்லியம் பாஸ்டர் முதல் டைரக்டரானார்.

பலன் விரைவிலேயே தெரிந்தது. 1963 ஆகஸ்டு 5ந் தேதி, ஆகாயத்திலும் அண்ட வெளியிலும் நீருக்கடியிலும் அணுகுண்டுச் சோதனை கூடாது என்ற ஒப்பந்தம் மாஸ்கோவில் கையெழுத்தாயிற்று. ஹம்ப்ரி அங்கே உடனிருந்தார். 1968ல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் வந்தது. ஐந்து வல்லரசுகளுக்கு ஒரு நீதி, ஏனையோருக்கு வேறு நீதி என்றிருந்த அவ்வொப்பந்தத்தில் நமது தேசம் சேர மறுத்தது நியாயமே என்பது நமது அபிப்பிராயம். 1972ல் தூரப் பாய்ச்சல் ஏவுகணைகளுக்கு வரம்பு கண்ட பேச்சுவார்த்தையில் அமெரிக்கத் தூதுகோஷ்டிக்குத் தலைமை வகித்தவர் இந்த ஏஜென்ஸியின் டைரக்டர் ஜெரார்ட் ஸ்மித்.

இனி வருத்தத்துக்குரிய பகுதியைச் சொல்லவேண்டும். 1965ல் ஹம்ப்ரி உப ஜனாதிபதியானார். வியத்நாம் யுத்தத்தைப் பெருக்குவது கேடு என்று அவ்வருஷம் பிப்ரவரியிலேயே ஜனாதிபதி ஜான்ஸனுக்கு அந்தரங்கமாக எழுதினார். அதற்கு அவர் பெற்ற பரிசு, முக்கிய ஆலோசனைகளிலிருந்து விலக்கப்பட்டதுதான். அப்பொழுதாவது வெளியே வந்து உண்மையை உரைத்தாரா? இல்லை. பதவிக்குக் கட்டுப்பட்டு, தாம் கேடென்று கண்ட யுத்தத்தைத் தாமே மேடை மேடையாக ஆதரித்தார். குண்டுவீச்சை நிறுத்தலாம் என்று பகிரங்கமாக அவர் கூறியது 1968 செப்டம்பர் கடைசியில். அதற்குள் இளைஞர்களின் நம்பிக்கை போய்விட்டது. நவம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் நிக்ஸனிடம் ஏறக்குறைய ஐந்து லட்சம் வாக்கில் தோற்றார். சமாதானத்துக்கு வீடு கட்டித் தந்தவர், அதற்காக வாய் திறக்கவேண்டிய வேளையில் மௌனமானார். இதைவிடக் கசப்பான முரண் வேறு என்ன?

1971ல் மீண்டும் ஸெனட் சபைக்கு வந்து உழைத்த ஹம்ப்ரி, 1978 ஜனவரி 13ந் தேதி புற்று நோயால் காலமானார். அவர் பாடுபட்டு அமைத்த ஏஜென்ஸியோ 1999 ஏப்ரல் முதல் தேதி தனி வாழ்வை இழந்து ராஜாங்க இலாகாவில் கரைந்தது. அதைக் கரைக்கவும் ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதனால் அந்த முயற்சி வீண் என்று சொல்லலாமா? ஒருபோதும் சொல்லலாகாது. முப்பத்தேழு வருஷ காலம், உலகத்தின் மாபெரும் ஆயுத சர்க்காருக்குள்ளே ஆயுதத்தைக் குறைக்கும் வழியைத் தேடுவதே தொழிலாக ஒரு காரியாலயம் இருந்தது. ஒப்பந்தங்கள் தாமாக வந்து விழவில்லை. அவற்றைச் சமைக்க ஆட்கள் இருந்ததால் வந்தன. நல்ல நோக்கத்துக்குச் சட்டமும் சம்பளமும் ஸ்தலமும் தேடித் தருவது பிரசங்கத்தைவிடக் கடினமான தேசத் தொண்டு. ஆனால் ஸ்தாபனத்தைக் கட்டியதோடு கடமை தீர்ந்துவிடாது. தைரியமாகப் பேச வேண்டிய நாளில் பேசும் மனிதர் இல்லையேல், எவ்வளவு நல்ல சட்டமும் பூட்டிய வீடாகும். ஹம்ப்ரியின் உழைப்பை நமது தொண்டர்கள் கைக்கொள்ளட்டும். அவருடைய மௌனத்தை விலக்கட்டும்.